என்.டி.ஐ.எஸ். பணத்தில் விலங்குவழிச் சிகிச்சை பெற முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓட்டிசம் உள்ள தமது மகனைக் குதிரைப் பண்ணையொன்றில் நடைபெறும் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல விரும்புவதாகவும், அதற்கு என்.டி.ஐ.எஸ். (அவுஸ்திரேலியாவின் தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்புறுதித் திட்டம்) பணம் தருமா என்று விசாரித்த இடமெல்லாம் ஒன்றுக்கொன்று முரணான பதில்களே கிடைத்ததாகவும் தங்கள் பத்திரிகையின் சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சிறுவர்களுக்கான தொழில்வழிச் சிகிச்சையாளராக (அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்குபவர்) சிட்னியின் மேற்குப் பகுதியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையிலும், இப்போது டூங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வர்த்வில் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அவர்களுடைய பிளானை (எந்த உதவிக்கு எவ்வளவு பணம் என்று திட்டம் ஒவ்வொருவருக்கும் எழுதித் தரும் ஆவணம்) வாசித்து விளங்கப்படுத்தி வருபவள் என்ற முறையிலும் அவருடைய கேள்விக்கு என்னால் இயன்ற பதிலை எழுதுகிறேன். தகுதிபெற்ற சிகிச்சையாளர் ஒருவர், பிள்ளையின் பிளானில் எழுதப்பட்டுள்ள இலக்கு ஒன்றை எட்டுவதற்காக, விலங்கொன்றைத் துணையாக வைத்துக்கொண்டு சிகிச்சை அளித்தால், அந்தச் சிகிச்சையாளரின் நேரத்துக்குத் திட்டம் பணம் தரலாம். அந்த விலங்குக்கென்று தனியாகப் பணம் தராது. அவருக்குக் கிடைத்த முரணான பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால் வந்தவை என்றே நினைக்கிறேன்.

விலங்குகளை இந்தத் திட்டம் மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கிறது. முதலாவது, உதவி விலங்கு. பார்வையற்றவரை வீதியில் வழிநடத்தும் நாய் இதில் எல்லோருக்கும் தெரிந்தது. வலிப்பு வரும்போது உதவி செய்யவும், மன உளைச்சல் முற்றும்போது உரிமையாளரைச் சனநெரிசலிலிருந்து வெளியே அழைத்து வரவும் பழக்கப்பட்ட நாய்களும் இதில் அடங்கும். இரண்டாவது, வீட்டுச் செல்லப் பிராணியும் மன ஆறுதலுக்கென்று வளர்க்கப்படும் துணை விலங்கும். மூன்றாவது, சிகிச்சையாளர் தம் சிகிச்சை நேரத்தில் பயன்படுத்தும் விலங்கு. அது அவருடைய நாயாகவோ, பண்ணையின் குதிரையாகவோ இருக்கும், சிகிச்சை பெறுபவரின் வீட்டில் வளராது. 2024 ஒக்டோபர் 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின் பின்னர், எவையெல்லாம் என்.டி.ஐ.எஸ். ஆதரவுகள் (திட்டம் பணம் தரக்கூடிய உதவிகள்), எவையெல்லாம் அல்ல என்று இரண்டு பட்டியல்கள் விதியாகவே வெளியிடப்பட்டுள்ளன. உதவி விலங்குகள் முதற்பட்டியலில் இருக்கின்றன. செல்லப் பிராணிகளும் துணை விலங்குகளும் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. சிகிச்சையில் பயன்படும் விலங்கைப் பொறுத்தவரை, அது சிகிச்சை என்ற பெரிய தலைப்பின் கீழ் ஒதுங்கி நிற்கிறது; தேடுகிறவர் கண்ணில் படாமல் போவதற்கு அதுவே காரணம்.

உதவி விலங்கைப் பற்றிச் சிறிதளவே சொல்கிறேன், ஏனெனில் வாசகர் கேட்டது அதுவல்ல. அவ்வகை நாய், அங்கீகாரமுள்ள பயிற்றுநரிடம் பழகி, உடற்குறையாலோ உளக்குறையாலோ ஒருவர் செய்ய இயலாத மூன்று வேலைகளையேனும் செய்யக் கற்று, பொது இடங்களில் ஒழுங்காக நடந்துகொள்ளும் பரீட்சையிலும் தேறியிருக்க வேண்டும். வழிகாட்டி நாயொன்றை வளர்த்துப் பழக்கி எடுக்க 50,000 டொலருக்கு மேல் செலவாகிறது. திட்டம் அப்படியொரு நாய்க்கு ஒப்புதல் அளித்தால் அதன் தீனி, தடுப்பூசி, உண்ணி மருந்து, மிருக வைத்தியச் செலவு ஆகியவற்றுக்கும் பணம் தருகிறது. 1992ஆம் ஆண்டின் பாகுபாட்டுத் தடைச் சட்டமும் அதற்குத் துணை நிற்பதால், கடைக்காரரோ பேருந்துச் சாரதியோ அதை வெளியே நிறுத்த முடியாது. சிகிச்சை நாய்க்கு இந்த உரிமை எதுவும் இல்லை. இணையத்தில் விற்கப்படும் ‘தெரப்பி டோக்’ என்று எழுதிய மேலங்கியை வாங்கி வீட்டு நாய்க்கு அணிவித்துவிட்டால் உரிமை வந்துவிடும் என்று நம்பிப் பணத்தைச் செலவழித்த பெற்றோர்கள் எங்கள் சமூகத்திலும் இருக்கிறார்கள்.

இனிக் கேட்ட விடயத்துக்கு வருகிறேன். 2013ஆம் ஆண்டின் என்.டி.ஐ.எஸ். சட்டத்தில் 34ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஓர் ஆதரவுக்குப் பணம் தருவதா இல்லையா என்பதை அதிகாரி முடிவு செய்வது அந்தப் பிரிவை வைத்துத்தான். அந்த ஆதரவு பிளானில் உள்ள இலக்குக்கு உதவ வேண்டும். சமூகத்திலோ கல்வியிலோ வேலையிலோ பங்குபற்ற வழிசெய்ய வேண்டும். அதே பலனைக் குறைந்த செலவில் தரும் வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கையில் கொடுக்கும் விலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். இன்றைய நல்ல நடைமுறைக்கு ஏற்பப் பயனளிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். குடும்பமும் சுற்றமும் தாமாகச் செய்யக்கூடிய உதவியாக இருக்கக்கூடாது. இவற்றுடன், மேலே சொன்ன பட்டியல்களின்படி அது என்.டி.ஐ.எஸ். ஆதரவாகவும் இருக்க வேண்டும். விலங்குவழிச் சிகிச்சைக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் சறுக்குவது பயனையும் விலையையும் பற்றிய நிபந்தனைகளில்தான். “மகனுக்குக் குதிரை மிகவும் பிடிக்கும், அங்கே போய்வந்தால் அன்றிரவு நன்றாகத் தூங்குகிறான்” என்று ஒரு தாய் எழுதும்போது அது முழு உண்மையாகவே இருக்கும். அதை வாசிக்கும் அதிகாரிக்கோ அது நல்ல பொழுதுபோக்காகத் தெரியும். எல்லாப் பெற்றோரும் தம் பிள்ளைகளின் பொழுதுபோக்குக்குத் தம் கையிலிருந்துதானே செலவழிக்கிறார்கள் என்று அவர் நினைப்பதில் தவறு காண முடியாது.

அந்தக் குதிரைக்குப் பக்கத்தில் உண்மையில் நடப்பது என்ன என்பதை விண்ணப்பத்தில் எழுதத் தெரிந்திருப்பதே இங்கு முக்கியம். பேச்சு வராத ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் நிற்க மாட்டான். பிறர் தொட்டால் கையை உதறுவான். பல் துலக்கும் பிரஷ்ஷைப் பிடிப்பதற்கே மல்லுக்கட்ட வேண்டும். அவன் கையில் குதிரையின் மேனியைத் தேய்க்கும் ரப்பர்ப் பிரஷ்ஷைக் கொடுத்து, அதன் தோளில் வட்டம் வட்டமாகத் தேய்க்கச் சொல்கிறார் சிகிச்சையாளர். அவசரப்பட்டு அழுத்தினால் குதிரை தோலைச் சிலிர்த்து ஓரடி விலகிவிடும். மெதுவாகத் தேய்த்தால் தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும். “மெதுவாக” என்று நாம் நூறு தடவை சொல்லியும் ஏறாத பாடத்தை அந்தப் பிராணி ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தக் கணமே திருப்பிச் சொல்லிவிடுகிறது. பின்னர் பிரஷ்ஷை வலது கையில் வைத்துக்கொண்டே இடப்பக்கம் எட்டித் தேய்க்க வைப்பார். உடலின் நடுக்கோட்டைக் கை கடப்பது சட்டைப் பொத்தான் போடவும் எழுதவும் வேண்டிய திறன். ஏறி உட்கார்ந்த பின், தன் பேச்சுக் கருவியில் ‘போ’ என்ற படத்தை அவன் அழுத்தினால் மட்டுமே குதிரை நடக்கும் என்று ஏற்பாடு செய்திருப்பார். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையாக இருந்தால் குதிரையின் நடையே மருந்தாகும்: நடக்கும் குதிரையின் முதுகு முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைவதால் உட்கார்ந்திருப்பவரின் இடுப்பெலும்பு மனிதர் நடக்கும்போது அசைவதைப் போலவே அசைகிறது; அதற்கு ஈடுகொடுத்து நிமிர்ந்து உட்காரத் தசைகள் பழகுகின்றன.

இதே பண்ணையில், இதே குதிரையில், அடுத்த மணித்தியாலத்தில் இன்னொரு பிள்ளை ஏறலாம். அவனுடன் இருப்பவர் குதிரையேற்றம் கற்பிப்பவராகவோ, குறுகிய காலப் பயிற்சி முடித்துத் தம்மை ‘ஈக்வைன் கோச்’ (குதிரைவழிப் பயிற்றுநர்) என்று அழைத்துக்கொள்பவராகவோ இருந்தால், அவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் அது சிகிச்சை என்று கணக்கில் ஏறாது. தொழில்வழிச் சிகிச்சையாளர், பிசியோதெரப்பிஸ்ட், உளவியலாளர் ஆகியோர் ஆப்ரா என்ற தேசியப் பதிவு அமைப்பில் பெயர் பதிந்திருப்பார்கள். அந்தப் பதிவை எவரும் இணையத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். பேச்சுச் சிகிச்சையாளர்களும் சமூகப் பணியாளர்களும் தத்தம் தொழில்சார் அமைப்புகளில் அங்கத்தவர்களாக இருப்பார்கள். பண்ணையின் வலைத்தளத்தில் ‘என்.டி.ஐ.எஸ். வரவேற்கப்படுகிறது’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிக் கையெழுத்திடக்கூடாது. பிளானைத் தாமே நிர்வகிப்பவர்களும், பில்களைக் கட்டித் தரும் பிளான் முகாமையாளர் மூலம் நிர்வகிப்பவர்களும் என்.டி.ஐ.எஸ்.இல் பதிவு செய்யப்படாத சேவையாளரிடமும் போகலாம் என்பதால், அந்த வாசகத்துக்குத் தன்னளவில் பெரிய பொருள் எதுவும் கிடையாது. ஒப்பந்தத்தில் ஒப்பமிடும் முன், சிகிச்சை அளிப்பவர் யார், அவர் தொழில் எது, எந்த இலக்கை நோக்கி வேலை செய்வார், முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பார், பில்லில் எந்த வகைச் சேவையாகக் குறிப்பிடுவார் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கேட்டவுடன் முகம் சுளிப்பவரிடம் போகாமல் இருப்பதே நல்லது.

கணக்கையும் பார்த்துவிட வேண்டும். 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விலைப் பட்டியலின்படி தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் மணித்தியாலத்துக்கு அதிகபட்சமாக 193.99 டொலர் அறவிடலாம். இருபது அமர்வுகளுக்கு 3,879.80 டொலர். நகரை அண்டிய பண்ணைக்கு அரை மணித்தியாலம் பயணம் செய்து அவர் வந்தால், அந்தப் பட்டியலின்படி பயண நேரத்துக்குப் பாதி விலையே வாங்கலாம்; ஒரு தடவைக்கு ஏறத்தாழ 48 டொலர் 50 சதம் வரும். அறிக்கை எழுதும் நேரமும் இதே ஒதுக்கீட்டிலிருந்துதான் போகும். பண்ணையார் குதிரைக்கும் மைதானத்துக்குமாகத் தனிக் கட்டணம் கேட்டால் அதைச் சிகிச்சைப் பணத்தில் சேர்க்க முடியாது, குடும்பமே கொடுக்க வேண்டியிருக்கும். இந்த ஓர் இடத்தில்தான் பலருக்கும் பிரச்சினை வருகிறது: பண்ணை ஒரே பில்லில் எல்லாவற்றையும் கலந்து எழுதுகிறது, கணக்குப் பரிசோதனை வருகிறது, பின்னர் குடும்பத்திடம் பணம் திருப்பிக் கேட்கப்படுகிறது. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சிகிச்சைக்கென்று பிளானில் தரப்படுவது ஒரே ஒதுக்கீடு. அதிலிருந்து குதிரைக்குப் போகும் ஒவ்வொரு மணித்தியாலமும் பேச்சுச் சிகிச்சையிலிருந்தோ வேறெதிலிருந்தோ எடுக்கப்படும் மணித்தியாலம்தான். பிள்ளைக்கு எது அதிகம் தேவை என்பதைப் பெற்றோர் சிகிச்சையாளருடன் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டும்.

இந்தச் சிகிச்சைக்கு ஆதாரம் இருக்கிறதா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல், போலியோவால் முழங்காலுக்குக் கீழே இயக்கம் இழந்த நிலையிலும், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றதற்குப் பிறகே உலகின் கவனம் இந்தப் பக்கம் திரும்பியது. நியூயோர்க்கின் சிறுவர் உளவியலாளர் போரிஸ் லெவின்சன், தம்மிடம் பேச மறுத்த பிள்ளையொன்று தம் நாய் ஜிங்கிள்ஸ் அறையில் இருந்தபோது இளகியதைக் கவனித்து, நாயை இணைச் சிகிச்சையாளராகக் கருதி 1962இல் எழுதினார். இவை சுவையான செய்திகள், ஆதாரம் ஆகமாட்டா. ஆதாரம் என்று நான் மதிப்பது 2015இல் அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து ரொபின் கேப்ரியல்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வைத்தான். ஓட்டிசம் உள்ள 6 முதல் 16 வயதுவரையான பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு சாராரைப் 10 வாரம் குதிரையேற்றினார்கள். மறு சாராரை அதே கொட்டகைக்கு அழைத்துச் சென்று, உயிருள்ள குதிரையுடன் பழக விடாமல், குதிரைகளைப் பற்றிய பாடங்களை நடத்தினார்கள். குதிரையேறிய பிள்ளைகளிடம் எரிச்சலும் துறுதுறுப்பும் மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தன. பேசிய சொற்களும் கூடின. திறந்தவெளிக்குப் போனதாலும் புதியவர்கள் கவனித்ததாலும் வந்த மாற்றம் என்று இதைத் தள்ளிவிட முடியாது என்பதே இந்த ஆய்வின் பெறுமதி.

ஆனால் எல்லா விலங்குக்கும் எல்லாக் குறைபாட்டுக்கும் இத்தகைய ஆய்வு இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அல்பாகா, ஆடு, கோழி என்று பண்ணையில் உள்ளதையெல்லாம் சிகிச்சை என்ற பெயரில் விலைப்படுத்துபவர்கள் இருக்கும்போது திட்டத்தை நடத்தும் அரசு முகமை ஐயப்படுவதில் எனக்கு வியப்பில்லை. ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் பயன்பெறும் திட்டம் இது. அதன் செலவு வளர்ச்சியை 2026 ஜூலைக்குள் ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கு மேற்படாதபடி கொண்டுவர வேண்டும் என்று பிரதமரும் மாநில முதல்வர்களும் 2023இலேயே முடிவு செய்துவிட்டார்கள். அந்த இறுக்கம் அதிகாரியின் மேசை வரை வந்துசேரத்தான் செய்யும்.

எனது குறை வேறு. முகமை ‘இல்லை’ என்று சொல்வதைவிட, ஆளுக்கொரு பதில் சொல்வதுதான் குடும்பங்களை அலைக்கழிக்கிறது. ஒரே மாதிரியான அறிக்கையுடன் ஒரே சிகிச்சையாளரிடம் போகும் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு ஒப்புதலும் மற்றவருக்கு மறுப்பும் வந்ததை நான் கண்டிருக்கிறேன். தொலைபேசியில் பதில் சொல்பவர்களில் சிலர் செல்லப் பிராணிகளைப் பற்றிய விதியை வாசித்துக்காட்டி, சிகிச்சையையும் சேர்த்தே மறுத்துவிடுகிறார்கள். ஓவிய, இசைச் சிகிச்சைகளின் கதை நினைவிருக்கும்: 2024 நவம்பரில் அவற்றுக்கான விலையைச் சடுதியாகக் குறைக்கப்போவதாக முகமை அறிவித்தது; எதிர்ப்புக் கிளம்பியதும் அதை நிறுத்திவைத்து, சுகாதாரப் பொருளியலாளர் ஸ்டீபன் டக்கெட்டிடம் சுயாதீன ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. ஆய்வுக்குப் பின்னரும் அந்தச் சிகிச்சைகள் திட்டத்தை விட்டு நீங்கவில்லை. எவருக்கு, எந்த நிலையில் அவை பயன்படும் என்பது பகிரங்கமாக ஆராயப்பட்டது. விலங்குவழிச் சிகிச்சைக்கும் அப்படியோர் ஆய்வு தேவை. அதுவரை, யார் அளித்தால், எந்த இலக்குக்கு, எந்த ஆவணங்களோடு கேட்டால் பணம் கிடைக்கும் என்பதை ஒரே பக்கத்தில், தமிழ் உட்பட எங்கள் மொழிகளில், முகமை வெளியிட வேண்டும். உதவி விலங்குகளைப் பற்றிய நெறிமுறையின் நடுவில் ஓரிரு வரிகளாக அது மறைந்து கிடப்பது போதாது.

எங்கள் வீடுகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. நாயை வீட்டுக்குள் விடுவதில்லை என்ற வழக்கத்தில் வளர்ந்த பாட்டிமார், பேரனின் சிகிச்சைக்கு நாய் வரும் என்றவுடன் சுவாமி அறையை நினைத்துக் கவலைப்படுவதை நான் அறிவேன். சிகிச்சை நாய் வீட்டுக்கு வரத் தேவையில்லை, சிகிச்சை நிலையத்திலேயே எல்லாம் நடக்கும் என்று சொன்னதும் பலருக்கு மனம் ஆறிவிடுகிறது. நாய்க்குப் பயப்படும் பிள்ளைக்கும், விலங்கு ரோமத்தால் இழுப்பு வரும் பிள்ளைக்கும் இது பொருந்தாது. அதைச் சிகிச்சையாளரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மொழி தடையாக இருப்பவர்கள் 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, அவர் மூலமாகவே முகமையுடன் பேசலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

விசாவைப் பற்றிய விதி இன்னும் கடுமையானது. அவுஸ்திரேலியக் குடியுரிமையோ, நிரந்தர வதிவிடமோ, நியூசிலாந்துக்காரர் சிலருக்கு உள்ள பாதுகாக்கப்பட்ட சிறப்பு விசாவோ இல்லாத எவரும் இந்தத் திட்டத்துக்குள் நுழையவே முடியாது. ஆண்டுக்கணக்காகப் பிரிட்ஜிங் விசாவில் (முடிவு வரும்வரை தரப்படும் தற்காலிக விசா) காத்திருக்கும் ஈழத்தமிழ்க் குடும்பங்களில் உள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் குதிரையைப் பற்றிய இந்த விவாதமே எட்டாத ஒன்று. அவர்களில் வாரம் ஒரு தடவை பேச்சுச் சிகிச்சைக்குக்கூடக் கடன் வாங்கும் தாய்மார் இருக்கிறார்கள். தங்கள் பத்திரிகை அவர்களைப் பற்றித் தனியாக எழுதினால் நன்றியுடையவளாவேன்.

கடைசியாக, கேள்வி கேட்ட வாசகருக்கும் அவரைப்போல் மறுப்புக் கடிதம் கையில் வைத்திருப்பவர்களுக்கும் சில நடைமுறை விவரங்கள். முடிவு கிடைத்து மூன்று மாதத்துக்குள் உள்ளக மறுபரிசீலனை கேட்கலாம்; அதை முதலில் முடிவு செய்தவரல்லாத வேறொரு அதிகாரி பார்ப்பார். அங்கும் மறுத்தால், 2024 ஒக்டோபரிலிருந்து பழைய மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் இடத்தில் இயங்கிவரும் நிர்வாக மறுபரிசீலனைத் தீர்ப்பாயத்துக்கு 28 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மறுபரிசீலனைக்குப் போகும்போது உணர்ச்சிமிக்க கடிதத்தைவிடச் சிகிச்சையாளரின் இரண்டு பக்க அறிக்கைக்கே வலு அதிகம். சிகிச்சை தொடங்கிய நாளில் பிள்ளையால் என்ன செய்ய முடிந்தது, இன்று என்ன செய்ய முடிகிறது, குதிரை இல்லாமல் சாதாரண அறையில் அதே முறையை முயன்றபோது என்ன நடந்தது, அதே பலனுக்கு வேறு எந்த வழியில் எவ்வளவு செலவாகும் என்ற நான்கையும் அதில் எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்வியைச் சிகிச்சையாளர்கள் பெரும்பாலும் எழுத மறந்துவிடுகிறார்கள்; அதிகாரி முதலில் தேடுவது அதைத்தான்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகி,
டூங்காபி, நியூ சவுத் வேல்ஸ்.